மேகத்துக்குள்ள இருந்து விழுற காத்து

வெளியில வெயில் கொளுத்துது. அதனால இந்த வார எபிசோடையும் வெயில்லயே ஆரம்பிக்கிறேன்.

மத்தியானம் மூணு மணி. மண்டையைப் பிளக்கிற வெயில், ஒரு இலை அசையாது. நாலு மணிக்கு வானத்துல ஒரு பக்கம் இருட்டிக்கிட்டு வரும். இன்னும் ஒரு சொட்டு மழைகூட விழுந்திருக்காது. அதுக்குள்ள சில்லுனு ஒரு காத்து அடிக்கும். கதவு டமால்னு சாத்தும், தெருப் புழுதி மொத்தமும் வீட்டுக்குள்ள வரும், யாராவது ஒருத்தர் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் காயப்போட்ட துணியை அள்ளிக்கிட்டு வருவாங்க.

அந்தச் சில்லுனு காத்து எங்க இருந்து வருது? பக்கத்து ஏரியாவுல மழை பெய்யுது, அங்க குளிர்ந்த காத்து இங்க வருதுன்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அது பாதிதான் சரி. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் அது சில கிலோமீட்டர் உயரத்துல, அந்த மேகத்துக்குள்ள இருந்த காத்து. அங்க இருந்து கீழ விழுந்து, தரையில மோதி, நாலா பக்கமும் சிதறி நம்ம வீட்டுக் கதவைச் சாத்துது. மேகத்துக்குள்ள நேரடியா அளந்து இதை உறுதிப்படுத்த 1940-கள் வரைக்கும் ஆச்சு. அது ஒரு பெரிய விமானத்தையே கீழ தள்ளக்கூடியதுன்னு எல்லாரும் ஏத்துக்க இன்னும் முப்பது, நாற்பது வருஷம். நடுவுல நூத்துக்கணக்கான பேர் செத்துப்போனாங்க. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல மேகத்துக்குப் பேர் வெச்சவரைப் பார்த்துடலாம். லூக் ஹோவர்ட், லண்டன்காரர், மருந்து தயாரிப்புத் தொழில். வானத்தை வேடிக்கை பார்க்கிறது அவரோட பொழுதுபோக்கு. 1802 டிசம்பர்ல ஒரு சின்ன அறிவியல் சங்கக் கூட்டத்துல மேகங்களை வகைப்படுத்தி ஒரு உரை படிச்சார். அதுக்கு முன்னாடி மேகம்னா நிமிஷத்துக்கு ஒரு உருவம் எடுக்கிற ஒண்ணு, அதைப் போய் யார் வகைப்படுத்துவாங்கன்னுதான் பொதுவான எண்ணம். ஹோவர்ட் லத்தீன்ல பேர் வெச்சார்: குவியலா இருந்தா குமுலஸ், விரிச்ச பாய் மாதிரி இருந்தா ஸ்ட்ரேட்டஸ், முடிச்சுருள் மாதிரி இருந்தா சிரஸ், மழை தர்றது நிம்பஸ். நம்ம பள்ளிப் புத்தகத்துல திரள் மேகம், படை மேகம், கீற்று மேகம், கார்திரள் மேகம்னு மனப்பாடம் பண்ணோமே, அது எல்லாமே இவர் வெச்ச பேர்களோட வழி வந்ததுதான்.

நான் படிக்கும்போது இது வெறும் வடிவத்தோட பேர்ன்னு நினைச்சேன். ஆனா அந்த வடிவம், உள்ள காத்து என்ன பண்ணுதுங்கிறதோட தடம். எந்த மேகமா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான். காத்து மேல போகுது, மேல போகப் போக விரிஞ்சு குளிருது, ஒரு கட்டத்துல அதுல இருக்கிற நீராவி தூசித் துகள்கள் மேல சின்னச் சின்னத் துளியா படியுது. வித்தியாசம் எல்லாம் எப்படி மேல போகுதுங்கிறதுலதான் இருக்கு. ஒரு பெரிய பரப்பு காத்து மொத்தமா மெல்ல மேல தூக்கப்பட்டா, வானம் முழுக்க சாம்பல் கலர்ல படை மேகம். தரை சூடாகி, அங்கங்க சூடான காத்து குமிழ் குமிழா கிளம்பினா, தனித்தனியா பஞ்சுப் பொதி மாதிரி திரள் மேகம். எல்லாம் உறையுற உயரத்துல பனித்துகள்களா உருவாகி காத்துல இழுபட்டா கீற்று மேகம்.

திரள் மேகத்தோட அடிப்பக்கம் மட்டும் கத்தியால வெட்டின மாதிரி தட்டையா இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? ஏன்னா ஒரே பகுதியில கிளம்புற எல்லா குமிழும் ஏறக்குறைய ஒரே உயரத்துலதான் பனிப்புள்ளி வெப்பநிலைக்கு வந்து சேருது. இதுக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. தரையில வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் என்ன வித்தியாசமோ, அதை 125-ஆல பெருக்கினா, மேகத்தோட அடி எத்தனை மீட்டர் உயரத்துல இருக்குன்னு வரும். வெப்பநிலை 36 டிகிரி, பனிப்புள்ளி 24-ன்னா, 12 பெருக்கல் 125, அதாவது 1,500 மீட்டர். ரெண்டு நம்பரும் உங்க போன்லயே கிடைக்கும், போட்டுப் பாருங்க.

சரி, நூறு பஞ்சுப் பொதி சாயங்காலம் கரைஞ்சு போகுது, ஒண்ணு மட்டும் ஏன் மலை மாதிரி வளர்ந்து இடி இடிக்குது? நீராவி நீரா மாறும்போது வெப்பத்தை வெளிய விடும். ஒரு கிலோ நீராவிக்கு சுமார் 25 லட்சம் ஜூல். கரண்ட் பில் கணக்குல சொன்னா, கிட்டத்தட்ட 0.7 யூனிட். ஒரு சதுர கிலோமீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் மழை பெய்யுதுன்னா அது 1 கோடி கிலோ தண்ணி. அந்த அளவு நீராவி நீரானப்போ மேகத்துக்குள்ள சுமார் 70 லட்சம் யூனிட் அளவுக்கு வெப்பம் வெளிய வந்திருக்குன்னு அர்த்தம். சாதாரணமா மேல போற காத்து ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். மேகமா மாற ஆரம்பிச்சதும் இந்த வெப்பத்தால அவ்வளவு வேகமா குளிராது. அப்போ சுத்தி இருக்கிற காத்தைவிட இது சூடா, லேசாவே இருக்கும், இன்னும் மேல போகும், இன்னும் நீராகும், இன்னும் சூடாகும். தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கிற லூப். மேல ஒரு எல்லை இருக்கு, நம்ம பக்கம் சுமார் 16, 17 கிலோமீட்டர் உயரத்துல. அங்க முட்டிக்கிட்டு பக்கவாட்டுல விரியும்போதுதான் கொல்லன் பட்டறைப் பட்டடைக்கல் மாதிரி தலை தட்டையா ஆகுது. அதுதான் கார்திரள் மேகம், குமுலோநிம்பஸ்.

அந்த ஏறுகாற்றோட வலு என்னன்னு ஒரு மனுஷன் உடம்பால தெரிஞ்சுக்கிட்டார். 1959 ஜூலை 26, வில்லியம் ரேங்கின்னு ஒரு அமெரிக்க மரைன் பைலட். இடிமேகத்துக்கு மேல, சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துல இன்ஜின் நின்னுபோச்சு. வெளிய குதிச்சார். சாதாரணமா பத்து நிமிஷத்துல தரைக்கு வரணும். மேகம் அவரை மேலயும் கீழயுமா தூக்கித் தூக்கிப் போட்டு, பாராசூட்டோட வந்து விழ 40 நிமிஷம் ஆச்சு. பிழைச்சுட்டார்.

ஹோவர்டும் அவருக்கு அப்புறம் வந்தவங்களும் மேகத்தை வெளிய இருந்து பார்த்தவங்க. உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க விமானம் வரணும். வந்ததும், விழவும் ஆரம்பிச்சது. 1940 ஆகஸ்ட் 31, அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலம் லவட்ஸ்வில் பக்கத்துல ஒரு டிசி-3 விமானம் இடிமழைக்கு நடுவுல விழுந்து, ஒரு செனட்டர் உட்பட 25 பேரும் இறந்துட்டாங்க. போர் முடிஞ்சதும் அமெரிக்க அரசு ஒரு வேலையை எடுத்தது. பேர் எந்த அலங்காரமும் இல்லாம 'தண்டர்ஸ்டார்ம் ப்ராஜெக்ட்'. தலைமை சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹொரேஸ் பையர்ஸ், கூடவே ராஸ்கோ பிரகாம்.

ப்ளான் என்னன்னா, எல்லா பைலட்டும் சுத்திக்கிட்டுப் போற மேகத்துக்குள்ள வேணும்னே போறது. ரேடார் வெச்ச பி-61 'பிளாக் விடோ' போர் விமானங்கள், போர்ல மிஞ்சினது. 5,000 அடியில ஒண்ணு, 10,000-ல ஒண்ணுன்னு 25,000 அடி வரைக்கும் அஞ்சு அடுக்கா ஒரே நேரத்துல ஒரே மேகத்துக்குள்ள போகும். 1946 கோடையில ஃப்ளோரிடா, 1947 கோடையில ஒஹையோ. கீழ தரையில நெருக்கமா வானிலைக் கருவிகள்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பைலட்டுகளுக்குக் கொடுத்த உத்தரவு. மேகம் மேல தூக்கினா எதிர்த்து இறங்காதே, கீழ தள்ளினா எதிர்த்து ஏறாதே. மூக்கை நேரா வெச்சுக்கிட்டு, போற வழியில போ. ஏன்னா விமானம் எவ்வளவு தூக்கப்படுதுங்கிறதுதான் டேட்டா. பைலட் சரி பண்ணிட்டா டேட்டா அழிஞ்சுடும். அதாவது மனுஷனும் விமானமும் சேர்ந்தே சென்சார். இப்படி ஆயிரத்து முன்னூறு தடவைக்கு மேல உள்ள போய்ட்டு வந்தாங்க. பல தடவை மின்னல் அடிச்சது. ஒரு விமானம்கூட விழல.

1949-ல வந்த அறிக்கை இடிமேகத்துக்கு ஒரு வாழ்க்கை இருக்குன்னு சொல்லுச்சு. முதல் கட்டத்துல உள்ள எல்லாம் ஏறுகாற்று. ரெண்டாவது கட்டத்துல மழைத்துளி ஏறுகாற்றால தாங்க முடியாத அளவுக்குக் கனமாகி விழ ஆரம்பிக்கும். விழும்போது காத்தையும் கீழ இழுக்கும். துளிகள்ல கொஞ்சம் வழியிலயே ஆவியாகும், அப்போ சுத்தி இருக்கிற காத்து குளிரும். நெத்தியில வேர்வை காஞ்சா குளிருதே, அதே கதைதான். குளிர்ந்த காத்து கனம், இன்னும் வேகமா விழும். மூணாவது கட்டத்துல இந்த இறங்குகாற்று மேகத்தோட அடி முழுக்கப் பரவி, கீழ இருந்து வர்ற சூடான ஈரக்காத்தை அடைச்சுடும். மேகம் செத்துப்போகும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள. நம்ம வீட்டுக்கு வர்ற அந்தச் சில்லுனு காத்து, மேகம் தன் மூச்சைத் தானே அடைக்க ஆரம்பிச்சாச்சுங்கிற தகவல்.

இப்போ ஜப்பான் போகணும். ஏன்னா ஒஹையோவுல போர் விமானங்கள் மேகத்தைத் துளைச்சுக்கிட்டு இருந்த அதே 1947 கோடையில, அங்க ஒருத்தர் விமானம் இல்லாமலே கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்துக்கிட்டு இருந்தார்.

டெட்சுயா ஃபுஜிட்டா. படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், வேலை காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லித் தர்றது. 1945 ஆகஸ்ட் 9 அன்னைக்கு அவர் இருந்தது கோகுரா நகரத்துக்குப் பக்கத்துல. ரெண்டாவது அணுகுண்டோட முதல் இலக்கு கோகுராதான். மேகமும் புகைமூட்டமும் மறைச்சதால விமானம் குறி பார்க்க முடியாம நாகசாகிக்குத் திரும்பிடுச்சு. மேகத்தால உயிர் தப்பினவர் பின்னாடி மேகத்தைப் படிக்கப் போனார்னு நான் கதை கட்டலாம். அப்படி எல்லாம் வாழ்க்கை நேர்கோட்டுல போகாது. ஆனா சில வாரம் கழிச்சு அவர் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய் சேதத்தைப் பார்த்தார். குண்டு வெடிச்ச இடத்துக்கு நேர் கீழ இருந்த மரங்கள் நின்னுக்கிட்டு இருந்தது. தள்ளிப் போகப் போக மரங்கள் வெளிப்பக்கமா, நட்சத்திரம் மாதிரி நாலா திசையிலயும் சாஞ்சு கிடந்தது. இந்தப் படம் அவர் மனசுல தங்கிடுச்சு.

1947 ஆகஸ்ட் 24 அன்னைக்கு, செபுரி மலை வானிலை நிலையத்து மேல ஒரு இடிமழை போச்சு. காத்தழுத்தம் பதியுற கருவியோட கோட்டையும், காத்தோட திசை மாறினதையும் வெச்சு, இந்த மேகத்துக்குள்ள இருந்து காத்து கீழ இறங்குதுன்னு கணக்குப் போட்டு எழுதினார். உள்ளூர்ல பெருசா யாரும் கண்டுக்கல. அதே மலையில அமெரிக்க ராணுவத்தோட ரேடார் நிலையம் இருந்தது. அங்க குப்பைக்கூடையில கிடந்த ஒரு ஆய்வுக்கட்டுரை ஃபுஜிட்டா கைக்கு வந்துச்சு. எழுதினவர் ஹொரேஸ் பையர்ஸ். ஆமா, அதே பையர்ஸ். ஃபுஜிட்டா ஒரு ஆங்கில டைப்ரைட்டர் வாங்கி, தன் கட்டுரையை மொழிபெயர்த்து அவருக்கே அனுப்பினார். 1953-ல சிகாகோவுக்கு அழைப்பு. டொர்னாடோவோட வலுவை அளக்கிற எஃப் ஸ்கேல்ல இருக்கிற எஃப் இவர்தான்.

அடுத்தது 1975 ஜூன் 24, நியூயார்க், ஜான் எஃப். கென்னடி விமான நிலையம். சாயங்காலம் நாலு மணி, ஓடுபாதைக்கு முன்னாடி இடிமழை. ஒரு சரக்கு விமானம் தட்டுத்தடுமாறி இறங்கிட்டு, காத்து பயங்கரமா இருக்கு, ஓடுபாதையை மாத்துங்கன்னு டவருக்குச் சொன்னது. அடுத்து வந்தது இறங்க முடியாம மேல ஏறிப் போயிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு விமானம் இறங்கிடுச்சு. அவங்களுக்குப் பின்னாடி வந்த ஈஸ்டர்ன் 66 ஓடுபாதைக்கு முன்னாடியே விழுந்தது. இருந்த 124 பேர்ல 113 பேர் செத்துட்டாங்க.

நம்ம ஆபீஸ்ல இது தினம் நடக்கிறதுதான்: அஞ்சு தடவை ஓட்டினா மூணு தடவை பாஸ், ரெண்டு தடவை ஃபெயில் ஆகுற டெஸ்ட். "என் மெஷின்ல வேலை செய்யுதே"ன்னு ஒருத்தர் சொல்வார். விமானத்துல அதோட வடிவம், முன்னாடி போனவன் இறங்கிட்டானே, இவன் ஏன் விழுந்தான், பைலட் தப்புதான் போலங்கிறது.

ஃபுஜிட்டாவை இந்த விபத்தைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவர் அன்னைக்கு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வந்த விமானங்களோட பதிவுகளை அடுக்கி வெச்சுப் பார்த்தார். அதுக்கு முந்தின வருஷம், 1974 ஏப்ரல்ல அமெரிக்காவைப் புரட்டிப் போட்ட டொர்னாடோக்களுக்கு அப்புறம் அவர் சின்ன விமானத்துல சேதத்தைப் பார்த்துக்கிட்டு போனப்போ, மேற்கு வர்ஜீனியா காட்டுல ஒரு இடத்துல மரங்கள் டொர்னாடோவுல விழுற மாதிரி சுழன்று கிடக்கல. நட்சத்திரம் மாதிரி கிடந்தது. நாகசாகியில பார்த்த அதே படம். மேல இருந்து ஏதோ ஒண்ணு விழுந்து, தரையில மோதி சிதறியிருக்கு. கென்னடியிலயும் அதுதான் நடந்திருக்கணும்னு அவர் சொன்னார். அந்த இறங்குகாற்றுக்கு டவுன்பர்ஸ்ட்ன்னு பேர் வெச்சார். நாலு கிலோமீட்டருக்குள்ள அடங்குற சின்னதுக்கு மைக்ரோபர்ஸ்ட். சில நிமிஷம்தான் இருக்கும். அதனாலதான் ஒருத்தர் இறங்குறார், அடுத்தவர் விழுறார்.

அது வெக்கிற பொறி எப்படின்னு கேளுங்க. விமானம் இறங்கி வருது. முதல்ல சிதறுற காத்து எதிர்ல அடிக்குது. எதிர்க்காத்துல இறக்கைக்குத் தூக்கு விசை கூடும், விமானம் மேல எழும்பும். பைலட் என்ன பண்ணுவார்? இன்ஜின் வேகத்தைக் குறைப்பார். அது சரியான பழக்கம்தான். சில வினாடியில நடுவுக்கு வந்ததும் காத்து கீழ தள்ளுது. அதைத் தாண்டினதும் அதே காத்து பின்னாடி இருந்து அடிக்குது, இறக்கை மேல ஓடுற காத்தோட வேகம் திடுதிப்புன்னு குறையுது. இப்போ முழு வேகம் வேணும், ஆனா ஜெட் இன்ஜின் குறைச்ச வேகத்துல இருந்து மேல வர சில வினாடி எடுக்கும். தரை நூறு மீட்டர் கீழ. நல்ல பைலட் சரியா செஞ்ச ஒரு வேலைதான் அவரை மாட்டிவிடுது.

நிறைய வானிலைக்காரங்க ஃபுஜிட்டாவை நம்பல. இறங்குகாற்று நமக்குத் தெரிஞ்சதுதான், தரையை நெருங்கும்போது அது வலு இழந்துடும், இவர் பழசுக்குப் புதுப் பேர் வெக்கிறார்னாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. எனக்கும் அந்த நேரத்துல நம்பத் தோணியிருக்காது. ஆதாரம்னு இருந்தது விழுந்த மரமும் விழுந்த விமானமும் மட்டும்தானே?

1978-ல அவர் சிகாகோவைச் சுத்தி டாப்ளர் ரேடார்களை நிறுத்தி 'நிம்ராட்'ன்னு ஒரு ஆய்வு நடத்தினார். சாதாரண ரேடார் மழை எங்க இருக்குன்னு காட்டும். டாப்ளர் ரேடார் அந்தத் துளி நம்மை நோக்கி வருதா, விலகிப் போகுதான்னும் காட்டும். ஆம்புலன்ஸ் சைரன் கிட்ட வரும்போது ஒரு சத்தம், தாண்டிப் போகும்போது வேற சத்தம், அதே தத்துவம். நோக்கி வர்றதும் விலகிப் போறதும் பக்கத்துப் பக்கத்துல ஒட்டித் தெரிஞ்சா, நடுவுல எதோ கீழ விழுந்து சிதறுதுன்னு அர்த்தம். நாற்பத்தி சொச்சம் நாள்ல சுமார் 50 மைக்ரோபர்ஸ்ட் சிக்குச்சு. அபூர்வம்னு நினைச்சது ஒண்ணும் அபூர்வம் இல்லை.

அதுக்கப்புறமும் விமானங்கள் விழுந்தது. ஒரு விஷயம் இருக்குன்னு நிரூபிக்கிறதும், அதைக் காட்டுற கருவி காக்பிட்டுக்கு வந்து சேர்றதும் வேற வேற வேலை. 1982 ஜூலை 9, நியூ ஆர்லியன்ஸ்ல கிளம்பின பான் ஆம் 759, தரையில இருந்தவங்களையும் சேர்த்து 153 பேர். 1983 ஆகஸ்ட் 1, ரீகன் வந்த ஏர் ஃபோர்ஸ் ஒன் விமானம் ஆண்ட்ரூஸ் தளத்துல இறங்கின சில நிமிஷத்துல அங்க ஒரு மைக்ரோபர்ஸ்ட், காத்து மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர். 1985 ஆகஸ்ட் 2, டாலஸ்ல டெல்டா 191. அதுக்கு முன்னாடி போன சின்ன ஜெட் அதே மழையைத் தாண்டி இறங்கிடுச்சு. இது இறங்கல. 137 பேர்.

டாலஸுக்கு அப்புறம்தான் வேலை வேகமாச்சு. 1988-ல பயணிகள் விமானங்கள்ல இந்தக் காத்துக்கு எச்சரிக்கைக் கருவி கட்டாயம்னு அமெரிக்காவுல விதி வந்தது. விமான நிலையங்களுக்குத் தனி டாப்ளர் ரேடார் வர ஆரம்பிச்சது. பைலட்டுகளுக்கு சிமுலேட்டர்ல இந்தப் பொறியையே பாடமா வெச்சாங்க. 1994 ஜூலை 2 அன்னைக்கு சார்லட் நகரத்துல இன்னொரு விமானம் இதே காரணத்தால விழுந்து 37 பேர் இறந்தாங்க. அந்த நிலையத்துக்கு வர வேண்டிய ரேடார் அப்போ வந்து சேரல. அதுக்கப்புறம் அமெரிக்காவுல மைக்ரோபர்ஸ்ட்டால பெரிய பயணிகள் விமானம் எதுவும் விழுந்ததில்லை. ஃபுஜிட்டா 1998 நவம்பர்ல இறந்தார்.

இடிமழை நேரத்துல உங்க பிளேன் ஓடுபாதை தெரியுற அளவுக்கு இறங்கி வந்துட்டு, சட்டுனு இன்ஜின் சத்தம் ஏறி மறுபடி மேல போனா, பக்கத்து சீட்ல ஒருத்தர் "பைலட் புதுசு போல"ன்னு சொல்வார். அந்த நேரத்துல முன்னாடி காக்பிட்ல ஒரு மெஷின் குரல் "விண்ட்ஷியர், விண்ட்ஷியர், விண்ட்ஷியர்"னு மூணு தடவை சொல்லி முடிச்சிருக்கலாம்.